போர்த் திரைப்படங்களின் நீட்டிப்பு வடிவங்களும் வரலாற்றுக் காரணத் தொடர்பும்: திருச்சிராப்பள்ளி – ஸ்ரீரங்கம் முற்றுகையை (1751–1754) அளவுகோலாகக் கொண்ட ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வரலாற்றுப் போர்த் திரைப்படங்கள் பல, திரையரங்குக்கெனச் சுருக்கப்பட்ட வடிவிலும், பின்னர் இயக்குநர் வெளியிட்ட நீண்ட வடிவிலும் கிடைக்கின்றன. நீண்ட வடிவம் ஒரு போர்ப்படத்தை எப்போது மேம்படுத்துகிறது என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. சுருக்கத்தில் முதலில் இழக்கப்படுவன வாரிசுரிமை, உணவு வழங்கல், உடன்படிக்கை ஆகியவை. போரின் காரணங்கள் இவற்றிலேயே அடங்கியுள்ளன. திருச்சிராப்பள்ளி – ஸ்ரீரங்கம் முற்றுகையின் வரலாற்றை அளவுகோலாகக் கொண்டு சில திரைப்பட வடிவங்கள் ஒப்பிடப்படுகின்றன. நீட்டிப்பு வடிவங்களைப் பாடவேறுபாடு என்னும் பதிப்பியல் கண்ணோட்டத்தில் அணுக வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: இயக்குநர் வடிவம், போர்த் திரைப்படம், கர்நாடகப் போர்கள், திருச்சிராப்பள்ளி முற்றுகை, ஸ்ரீரங்கம், பாடவேறுபாடு

முன்னுரை

‘டைரக்டர்ஸ் கட்’ என வழங்கும் இயக்குநர் வடிவம், வணிகக் காரணங்களுக்காக நீக்கப்பட்ட காட்சிகளை மீளச் சேர்த்து, படைப்பாளர் தம் விருப்பப்படி அமைத்துக் கொண்ட வடிவமாகும். நீட்டிப்பு வடிவம் என்பது நீளத்தை மட்டும் குறிப்பது. இவ்விரு சொற்களும் ஒன்றெனக் கொள்ளப்படுவது வழக்கமாயினும் அவை வேறானவை. ஆலிவர் ஸ்டோன் இயக்கிய ‘அலெக்சாண்டர்’ 2004இல் 175 நிமிட நீளத்துடன் வெளிவந்தது; அடுத்த ஆண்டில் அவர் வெளியிட்ட இயக்குநர் வடிவம் 167 நிமிடங்களாகக் குறைந்தது; 2007இல் வந்த வடிவமோ 214 நிமிடங்களாக விரிந்தது. ஆகவே இயக்குநரின் விருப்பம் எப்போதும் நீளத்தை நோக்கியதன்று.

காதற்கதையோ குடும்பக் கதையோ சுருக்கப்படும்போது சுவை குறையலாம். வரலாற்றுப் போர்ப்படம் சுருக்கப்படும்போது காரணம் மறைகிறது. யார், எவ்வுரிமையால், யாருடைய துணையோடு, எவ்வளவு உணவை நம்பிப் போரிட்டனர் என்பன நீங்கிவிட்டால் எஞ்சுவது வாள்வீச்சும் குதிரையோட்டமும் மட்டுமே. இக்கருத்தைச் சோதிக்க நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு போர் தேவைப்படுகிறது. காவிரிக்குத் தென்கரையில் கோட்டையும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில் கோயில் நகரும் எதிரெதிர்ப் பாசறைகளாக நின்ற 1751–1754 காலப் போர் அதற்குப் பொருத்தமானது.

1. வரலாற்றெழுத்தில் சுருக்க வடிவம்

இப்போரின் வரலாறே இரண்டு வடிவங்களில் வழங்கிவருகிறது. மெக்காலே 1840இல் எழுதிய கிளைவ் பற்றிய கட்டுரையும், அதைப் பின்பற்றிய பாடநூல்களும் பரப்பிய வடிவத்தில் ஆற்காடே மையம். இளைஞனான ராபர்ட் கிளைவ் சிறுபடையுடன் ஆற்காட்டைக் கைப்பற்றி, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றான் என்பதோடு கதை உச்சத்தை அடைகிறது. ஒரே நாயகன், ஒரே கோட்டை, தெளிவான வெற்றி என அமைந்த இவ்வடிவம் திரையரங்க வடிவத்தின் இலக்கணங்கள் அனைத்தையும் கொண்டுள்ளது.

ஆற்காட்டுத் தாக்குதல் திருச்சிராப்பள்ளி மீதான நெருக்குதலைத் தளர்த்தும் உத்தியாகவே மேற்கொள்ளப்பட்டது. ஆற்காட்டு வெற்றிக்குப் பின்னரும் திருச்சிராப்பள்ளி முற்றுகை நீங்கவில்லை. 1752 ஜூன் மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தபோதுதான் அப்போரின் முதற்கட்டம் முடிவுற்றது. ராபர்ட் ஓர்ம் 1763இல் வெளியிட்ட இராணுவ வரலாற்றின் முதல் தொகுதி இந்நிகழ்வுகளை நாள்வாரியாக விரித்துரைக்கிறது. அதே காலத்தில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, டூப்ளேயின் அவையைச் சுற்றிய செய்திகளையும் வதந்திகளையும் வணிகர் கவலைகளையும் பதிவு செய்கிறது. ஓர்ம் ஆங்கிலேயர் தரப்பினர். பிள்ளை பிரெஞ்சு நிர்வாகத்தின் துபாஷி. இருவரையும் சேர்த்துப் படிக்கும்போதே நீண்ட வடிவம் உருப்பெறுகிறது. சுருக்க வடிவம் பொய் கூறவில்லை. ஆயினும் போரின் இடத்தையும் காரணத்தையும் அது மாற்றிவிடுகிறது.

2. காரணம்: வாரிசுரிமையும் பழைய சபதமும்

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ 2005இல் 144 நிமிட வடிவில் திரையிடப்பட்டது. பின்னர் வெளியான இயக்குநர் வடிவம் 194 நிமிடங்கள் கொண்டது. இவ்வேறுபாட்டின் உயிர்நாடி ஒரு சிறுவன். எருசலேம் அரசன் நான்காம் பால்ட்வின் 1185இல் இறந்தபின் அவன் தமக்கை சிபில்லாவின் மகன் ஐந்தாம் பால்ட்வின் அரியணையேறி, 1186இல் இறந்தான். திரையரங்க வடிவத்தில் இவ்வரசன் இல்லை. அதனால் சிபில்லாவின் மனமாற்றமும், தகுதியற்ற கணவன் கீயிடம் முடி சென்று சேர்வதும் காரணமின்றி நிகழ்வன போலத் தோன்றுகின்றன. நீண்ட வடிவில் அச்சிறுவன் மீண்டதும் கதையின் நடுப்பகுதி பொருள் பெறுகிறது; 1187இல் நிகழும் நகர முற்றுகை அரசியல் முறிவொன்றின் விளைவாகப் புலப்படுகிறது.

திருச்சிராப்பள்ளியிலும் இத்தகைய முன்கதை உண்டு. 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டபின் அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் தஞ்சம் புகுந்தார். பிரெஞ்சுத் துணையுடன் நவாப் பட்டத்துக்கு உரிமை கோரிய சந்தா சாகிப் அங்கு வந்து முற்றுகையிட்டார். படம் 1751இல் தொடங்குமாயின் சந்தா சாகிப் வெளியிலிருந்து வந்த படையெடுப்பாளராகவே தோன்றுவார். ஆனால் அவருக்கு அந்நகரம் புதிதன்று. நாயக்க அரசி மீனாட்சியின் வாரிசுச் சிக்கலில் தலையிட்டு, 1730களின் பிற்பகுதியில் திருச்சிராப்பள்ளியைத் தம் ஆளுகைக்குக் கொண்டுவந்தவர் அவரே. அரசிக்குத் திருக்குர்ஆனின் மீது அளித்த சத்தியத்தை அவர் மீறினார் என்றும், அரசி நஞ்சுண்டு இறந்தார் என்றும் மரபுச் செய்தி கூறும். 1741இல் இரகுஜி போன்ஸ்லேயின் தலைமையில் வந்த மராட்டியர் கோட்டையைப் பிடித்து அவரைச் சிறைகொண்டு சென்றனர். 1748இல் விடுதலையான அவர் மீண்டும் அதே கோட்டையின் முன் வந்து நின்றார்.

1752இல் தஞ்சைத் தளபதி மானோஜி பாதுகாப்பளிப்பதாக ஆணையிட்டுக் கூறியதை நம்பி, சந்தா சாகிப் அவரிடம் தம்மை ஒப்படைத்தார்; அங்கேயே சிறைவைக்கப்பட்டுத் தலை கொய்யப்பட்டார். முன்பு மீறப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு சத்தியமும், பின்பு மீறப்பட்ட ஓர் ஆணையும் ஒரே நிலப்பரப்பில் எதிரொலிக்கின்றன. முதலாவதை நீக்கினால் இரண்டாவது வெறும் கொலையாகச் சுருங்கிவிடும்.

3. காலம்: காத்திருப்பும் தானியமும்

முற்றுகைப் போரில் பெரும்பொழுது காத்திருப்பிலேயே கழிகிறது. படத்தொகுப்பாளர் முதலில் வெட்டுவதும் அதனையே. உல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய ‘தாஸ் போட்’ 1981இல் சுமார் இரண்டரை மணி நேரப் படமாக வந்தது. 1997இல் வெளியான இயக்குநர் வடிவம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். அதிகரித்த நேரத்தின் பயன் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் மாலுமிகள் கழிக்கும் வெறுமையான நாள்களை உணரச் செய்வதில் உள்ளது. அவ்வெறுமையை உணர்ந்த பின்னரே வெடிகுண்டின் ஓசை அச்சமூட்டுகிறது.

1752ஆம் ஆண்டின் கோடையில் நிகழ்ந்தவற்றை இக்கோணத்தில் நோக்கலாம். மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் கிளைவுடன் திருச்சிராப்பள்ளியை அடைந்ததும், பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா தென்கரை நிலைகளைக் கைவிட்டு ஸ்ரீரங்கத் தீவுக்குப் பின்வாங்கினார். பிரெஞ்சுப் படை திருவானைக்காவல் கோயிலிலும், சந்தா சாகிப்பின் வீரர்கள் ஸ்ரீரங்கம் கோயிலிலும் நிலைகொண்டனர். முற்றுகையிட்டவர்களே முற்றுகைக்குள்ளான திருப்பம் இது. இதனை முடிவுக்குக் கொண்டுவந்தவை பெரும்பாலும் வழித்தடங்களைப் பற்றிய சிறு நடவடிக்கைகள். கிளைவ் கொள்ளிடத்தின் வடக்கே சமயபுரத்தில் நிலைகொண்டு புதுச்சேரிப் பாதையை மறித்தார். லால்குடியில் இருந்த பிரெஞ்சுத் தானியக் கிடங்கு கைப்பற்றப்பட்டது. கிழக்கே கோவிலடி தஞ்சைப் படையின் வசமாயிற்று. கொள்ளிடத்தின் வடகரையில் பிச்சாண்டார்கோவில் வீழ்ந்தது. உதவிக்கு வந்த தோத்தேயின் படை வாலிகண்டபுரத்தில் பணிந்தது. உணவும் துணையும் அற்ற நிலையில் லா சரணடைந்தார்.

கோட்டைத் தரப்பிலும் உணவே உயிராக இருந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமானின் நாட்டிலிருந்து காட்டுவழியே வந்த தானியமும் கால்நடைகளும் கோட்டையைக் காத்தன. 1753, 1754 ஆண்டுகளில் இவ்வழங்கல் வரிசைகளைக் காத்து நடத்தியவர்களுள் முகம்மது யூசுப் கான் முதன்மையானவர். பொன்மலை அருகே 1753இல் நிகழ்ந்த போர்களும் இவ்வழித்தடங்களின் பாதுகாப்போடு பிணைந்தவை. பொன்மலைச் சண்டையைத் திரையில் காட்டிவிட்டுப் புதுக்கோட்டை வண்டிகளை வெட்டும் படம், எதற்காகச் சண்டையிட்டனர் என்பதையே வெட்டிவிடுகிறது.

4. கூட்டணி: பிறர் தரப்பின் நியாயம்

ஜான் வூ இயக்கிய ‘ரெட் கிளிஃப்’ கி.பி. 208இல் சீனத்தில் நிகழ்ந்த போரைப் பற்றியது. ஆசிய நாடுகளில் 2008, 2009 ஆண்டுகளில் இரு பகுதிகளாக, நான்கரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட நீளத்துடன் வெளியான இப்படம், மேலைநாடுகளுக்கென 148 நிமிடங்களாக ஒடுக்கப்பட்டது. ஐயுற்ற இரு தரப்பினர் ஒருவரையொருவர் அறிந்து நம்பிக் கூட்டுச் சேரும் படிப்படியான நகர்வு நீண்ட வடிவில் இடம்பெற, சுருக்க வடிவில் அது விரைந்து கடந்து செல்கிறது.

திருச்சிராப்பள்ளிப் போர் கூட்டணிகளின் போர். முகம்மது அலியின் பக்கம் ஆங்கிலேயருடன் மைசூர் நஞ்சராசர், மராட்டியத் தலைவர் முராரி ராவ், தஞ்சை மன்னர் பிரதாபசிம்மர், புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆகியோர் நின்றனர். மைசூர்ப் படை வந்ததற்கு விலை இருந்தது: போர் முடிந்ததும் திருச்சிராப்பள்ளியையே தருவதாக முகம்மது அலி வாக்களித்திருந்தார். வெற்றிக்குப் பின் அவ்வாக்கு நிறைவேற்றப்படவில்லை. நஞ்சராசர் பிரெஞ்சுத் தரப்புக்கு மாறினார். ஸ்ரீரங்கம் மைசூர்ப் பாசறையாயிற்று. நேற்றைய நண்பர் இன்று எதிர்க்கரையில் நின்ற இரண்டாம் கட்டப் போர் 1754 வரை நீடித்தது. டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. 1755இல்தான் நஞ்சராசர் ஸ்ரீரங்கத்தை விட்டு அகன்றார். இப்படையில் பணிபுரிந்த ஹைதர் அலி பின்னாளில் மைசூரின் தலைவராக ஆங்கிலேயரை எதிர்த்தார் என்பதை நினைவிற்கொண்டால் அவ்வாக்குமீறலின் நிழல் நீண்டது எனலாம். மைசூரின் மனக்குறையை விளக்கும் காட்சி இல்லாத படத்தில் நஞ்சராசர் காரணமின்றித் துரோகம் செய்பவராகவே காட்சியளிப்பார்.

ஸ்ரீரங்கம் கோயில் தொடர்பாக ஓர்ம் பதிவு செய்யும் ஒரு நிகழ்ச்சியும் இங்கு எண்ணத்தக்கது. சரணடைவுக்குப் பின் கோயிலுள் நிலைகொண்டிருந்த ஆயிரம் இராஜபுத்திர வீரர்கள், மூன்றாம் மதிலுக்குள் நுழைய முயல்வோரை எதிர்ப்போம் என உறுதியுடன் நின்றனர். ஆங்கிலேயரும் அவ்வுணர்வை மதித்து, ஊறு செய்வதில்லையென வாக்களித்தனர். போரின் முடிவை இந்நிகழ்ச்சி மாற்றவில்லை. ஆதலால் சுருக்க வடிவில் இதற்கு இடமிராது. எனினும் ஏழு திருச்சுற்றுகள் கொண்ட கோயில் படைவீடாக்கப்பட்டபோது அதனுள் இருந்தோர் எதனைக் காக்க முனைந்தனர் என்பதை வேறெக்காட்சியும் இவ்வளவு தெளிவாகக் கூறாது.

5. நீட்டிப்பின் எல்லை: மீட்பும் இடைச்செருகலும்

நீண்ட வடிவம் அனைத்தும் வரலாற்றுக்கு நெருங்கியதன்று. ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ நீண்ட வடிவில் சிறுவன் பால்ட்வினுக்குத் தொழுநோய் இருப்பதாகவும், தாயே அவனை நஞ்சூட்டிக் கொல்வதாகவும் காட்டப்படுகிறது. இவற்றுக்கு வரலாற்றுச் சான்று இல்லை. விடுபட்ட ஓர் அரசனை மீட்ட அதே வடிவம், அவன் இறப்பைக் கற்பனையால் நிரப்புகிறது. படத்தின் காரணத் தொடர்பு வலுப்பெற்றது. ஆவணத்தோடு கொண்ட தொடர்பு அவ்விடத்தில் தளர்ந்தது.

இவ்விரு விளைவுகளையும் பிரித்தறியத் தமிழ்ப் பதிப்பியல் ஏற்ற கருவிகளைத் தருகிறது. சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், நீண்ட பாடத்தை உடனே மூலபாடமெனக் கொள்வதில்லை. ஏட்டில் சிதைந்து விடுபட்ட பகுதி மீண்டதா, பிற்காலத்தார் செருகியதா என ஆராய்கிறார். அவ்வாறே நீட்டிப்பு வடிவில் சேர்ந்த காட்சி ஒவ்வொன்றையும் மூன்று வினாக்களால் சோதிக்கலாம். முதலாவது, அது நிகழ்வின் காரணத்தை விளக்குகிறதா, அல்லது நிகழ்வை மட்டும் பெருக்குகிறதா? இரண்டாவது, அதற்குச் சமகாலச் சான்று உண்டா? மூன்றாவது, எதிர்த்தரப்பின் நோக்கை அறியச் செய்கிறதா? போர்க்கள நேரத்தை மட்டும் கூட்டும் வடிவம் முதல் வினாவிலேயே தோற்கிறது.

6. தமிழ்த் திரைப்படச் சூழல்

தமிழில் வரலாற்றுப் போர்ப்படங்களின் நீளத்தைக் காட்சி நேரமும் இடைவேளையும் பாடல்களும் வரையறுத்துவந்துள்ளன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 2022, 2023 ஆண்டுகளில் இரு படங்களாக வந்தமை இக்கட்டுப்பாட்டுக்கு ஒரு விடை. ஐந்து பாகப் புதினத்தின் வாரிசுரிமைச் சிக்கலை ஒரே படத்தில் அடக்குவது அரிது என்பதை அது ஏற்றுக்கொண்டது. செல்வராகவனின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2010) மற்றொரு நிலையைக் காட்டுகிறது. சோழரின் வீழ்ச்சிக்குப் பின் மறைந்து வாழும் ஒரு குலத்தைக் கற்பனை செய்த அப்படம் அரங்குகளுக்கு வந்தபோது அதன் நீளம் குறைக்கப்பட்டது. வெளியானபோது கலவையான வரவேற்பைப் பெற்ற அது, பின்னாளில் பெருகிய ஆர்வத்தால் மீண்டும் திரையிடப்பட்டது.

திருச்சிராப்பள்ளி முற்றுகையோடு நேரடித் தொடர்புடைய தமிழ்ப்படம் ‘மருதநாயகம்’. கமல்ஹாசன் 1997 அக்டோபரில், இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் கலந்துகொண்ட விழாவில் தொடங்கிய இப்படம் நிறைவு பெறவில்லை. மருதநாயகம் என வழங்கப்படும் யூசுப் கான் 1764இல் மதுரையில் தூக்கிலிடப்பட்டதே மக்கள் நினைவில் நிற்கும் காட்சி. ஆனால் அவர் வாழ்வின் திருப்புமுனைகளுள் ஒன்று 1754இல் திருச்சிராப்பள்ளிப் பாசறையில் நிகழ்ந்தது. ஆங்கிலப் பதிவுகளில் ‘பொனியப்பா’ என வழங்கும் லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளர், மைசூருடன் மறைமுகத் தொடர்பு கொண்டு, யூசுப் கானைத் துரோகியெனக் காட்டும் போலிக் கடிதத்தைப் புனையச் செய்தார். விசாரணையில் உண்மை வெளிப்பட, அவர் பீரங்கிவாயில் வைத்துக் கொல்லப்பட்டார். ஆங்கிலேயர் தம் வழங்கல் தலைவரை எவ்வளவு எளிதில் ஐயுற்றனர் என்பதையும், மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கையில் போரின் போக்கு எவ்வளவு தங்கியிருந்தது என்பதையும் இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது. இதனை அறிந்தபின் மதுரைத் தூக்குமேடைக்குப் புதிய பின்புலம் கிடைக்கிறது.

நீட்டிப்பு வடிவம் உருவாக வேண்டுமாயின் நீக்கப்பட்ட பகுதி எஞ்சியிருக்க வேண்டும். அண்மைக்காலத்தில் ‘கர்ணன்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ போன்ற பழைய படங்கள் ஒளியும் ஒலியும் சீரமைக்கப்பட்டு மீண்டும் வெளிவந்தன. இவை சீரமைப்புகள், நீக்கப்பட்ட காட்சிகளை மீட்ட வடிவங்கள் அல்ல. நீக்கப்பட்ட சுருள்களையும் படப்பிடிப்புத் திரைக்கதைகளையும் பாதுகாக்கும் வழக்கம் வேரூன்றாதவரை, படத்தொகுப்பு மேசையில் விழுந்தவை நிலையாக அழியும். மேலும், இந்தியாவில் பொது அரங்கில் காட்டப்படும் படத்தில் சான்றிதழ் பெற்றபின் சேர்க்கப்படும் காட்சிகளுக்கும் தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் தேவை. இச்செலவும் காலமும் தயாரிப்பாளரைத் தயங்கச் செய்பவை.

ஆய்வுலகின் பங்கும் இங்குக் குறிப்பிடத்தக்கது. சங்கப் பாடலை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் பதிப்பைச் சுட்டாமல் விடுவதில்லை. திரைப்படத்தைச் சுட்டும் கட்டுரைகள் பலவும் பெயரையும் ஆண்டையும் மட்டும் தருகின்றன. எவ்வடிவம், எத்தனை நிமிடம் என்பதைத் தருவதில்லை. 144 நிமிட வடிவைக் கண்டவரும் 194 நிமிட வடிவைக் கண்டவரும் ஒரே படத்தைப் பற்றி எழுதினாலும் அவர்கள் கண்ட அரச வரிசை வேறு.

முடிவுரை

ஒப்பீட்டின் வழி பெறப்படும் முடிபுகள் வருமாறு. வரலாற்றுப் போர்ப்படத்தின் நீட்டிப்பு வடிவம் காரணம், காலம், கூட்டணி ஆகியவற்றை மீட்கும்போது படத்தை மேம்படுத்துகிறது; சண்டையை மட்டும் நீட்டும்போது மேம்படுத்துவதில்லை. மீட்கப்பட்ட காட்சி கதைக்கு வலுவூட்டினாலும் சான்றற்றதாயின் அதனை இடைச்செருகலாகவே மதிப்பிட வேண்டும். திரைப்பட ஆய்வுகளில் வடிவத்தையும் நீளத்தையும் சுட்டுவது பதிப்பைச் சுட்டுவதற்கு இணையான கடமையாகும்.

ஆற்காட்டோடு நின்றுவிட்ட வரலாற்றுக்கும் ஸ்ரீரங்கம் வரை தொடரும் வரலாற்றுக்கும் உள்ள இடைவெளி, திரையரங்க வடிவத்துக்கும் நீட்டிப்பு வடிவத்துக்கும் உள்ள இடைவெளியை ஒத்தது. லால்குடித் தானியமும், புதுக்கோட்டை வண்டிகளும், மைசூருக்கு அளித்த வாக்கும், மூன்றாம் மதிலில் நின்ற வீரர்களும் நீங்கிய பின்னரும் இப்போரைப் படமாக்க இயலும். அப்படத்தில் யார் வென்றனர் என்பது தெரியும். ஏன் வென்றனர் என்பதும், வென்றபின் போர் ஏன் மீண்டும் மூண்டது என்பதும் தெரியாது.